ஆர்சனல் ஒரிஜினல் சேர்ட் 24.99 பவுண்டுக்குப் போட்டிருக்கு, நம்பி வாங்கலாமா?

ஹரோ_அப்பா (ஜனவரி 10, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். வாற பெப்ரவரி 1ஆம் திகதி மகனுக்கு 12 வயசு. ஆர்சனல் ஃபுட்பால் கிளப்பின்ட ஹோம் சேர்ட், முதுகில அவையின்ட ஆட்டக்காரர் சாக்காவின்ட பேரும் 7ஆம் நம்பரும், அதுதான் வேணுமாம். ரெண்டு மாசமா வேற ஒண்டும் கேக்கேல்லை. நான் கிரிக்கெட் பாத்து வளந்த ஆள், ஃபுட்பால் உடுப்பு வாங்கிப் பழக்கமில்லை.

கிளப்பின்ட சொந்த ஒன்லைன் கடையில பிள்ளையளின்ட சேர்ட்டே 60 பவுண்டைத் தாண்டுது. பேரும் நம்பரும் அடிக்க வேற காசு, டெலிவரி வேற, எல்லாம் சேர 80க்கு மேல போகுது. போன கோடையில பாக்கேக்கையும் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே விலைதான். இது எப்பிடி எண்டும் விளங்கேல்லை.

இப்ப ஃபோனில ஒரு விளம்பரம் வந்தது. அதே சேர்ட் 24.99, பேரும் நம்பரும் இலவசம், "பிளேயர் வேர்ஷன்" எண்டு போட்டிருக்கு. இன்னும் 3 மணித்தியாலம்தான் எண்டு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கு. வாங்கலாமோ? இல்லாட்டி ஒரிஜினலை நியாயமான விலைக்கு எங்க எடுக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கோவை_டு_ரீடிங் (ஜனவரி 10, இரவு 10.05)

தயவுசெஞ்சு வாங்காதீங்க. போன வருஷம் இதே மாதிரி ஒரு தளத்துல என் பையனுக்கு ஆர்டர் பண்ணேன். அஞ்சு வாரம் கழிச்சு வந்துச்சு, ரெண்டு தடவை துவைச்சதும் நம்பர் உரிஞ்சு போச்சு. அவன் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போய், பசங்க டூப்ளிகேட்னு சொல்லிட்டாங்கன்னு அழுதுகிட்டே வந்தான். இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

"பிளேயர் வேர்ஷன்"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசிங்க. ஆர்சனலுக்குச் சட்டை செய்யற அடிடாஸ் கம்பெனி பெரியவங்களுக்கு ரெண்டு தரம் விக்குது. ஒண்ணு ஆத்தென்டிக், ஆட்டக்காரங்க போடுறது. துணி லேசா, உடம்போட ஒட்டி இருக்கும், முத்திரையைச் சூட்டுல ஒட்டியிருப்பாங்க. விலை 100 பவுண்டுக்கு மேல. இன்னொண்ணு ரெப்ளிகா, ரசிகர்களுக்கானது, 80 பவுண்டுக்குப் பக்கம். ரெப்ளிகான்னா போலின்னு அர்த்தம் இல்ல, அதுவும் ஒரிஜினல்தான். 100 பவுண்டு சட்டையை எவன் 24.99க்குத் தருவான், அதுவும் பேர் சும்மா அடிச்சு? "1:1", "AAA", "தாய்லாந்து குவாலிட்டி"ன்னு எங்கயாவது போட்டிருந்தா, அது போலின்னு அவங்களே சொல்ற மாதிரி.

அந்தத் தளத்துல கம்பெனி பேர், இங்கிலாந்து முகவரி, பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டிய இடம், மூணும் இருக்கான்னு பாருங்க.

ஹரோ_அப்பா (ஜனவரி 10, இரவு 10.30)

பாத்தன். முகவரி இல்லை, ஒரு இமெயில் மட்டும்தான் கிடக்கு. கடிகாரமும் பக்கத்தைத் திருப்பித் திறந்தா திரும்ப 3 மணித்தியாலத்தில இருந்து ஓடுது. நன்றி, விட்டிட்டன்.

பழைய_கோல்கீப்பர் (ஜனவரி 11, காலை 7.15)

தம்பி, எல்லாக் கடையிலும் ஏன் ஒரே விலை எண்டு கேட்டீங்கள். அதுக்கொரு கதை இருக்கு.

ஒருகாலத்தில உண்மையாவே சேந்து கதைச்சு விலை வைச்சவை. 2003இல ஜேஜேபி ஸ்போர்ட்ஸ் கடை, சேர்ட் செய்யிற அம்ப்ரோ, மான்செஸ்டர் யுனைடெட் கிளப் எண்டு பெரிய பேருகள் பலதுக்கும் சேத்து 18.6 மில்லியன் பவுண்ட் தண்டம் விழுந்தது. இங்கிலாந்து அணியின்ட சேர்ட், யுனைடெட்டின்ட சேர்ட் ரெண்டிலயும் அந்த விளையாட்டு நடந்தது. பிறகு 2022இல ஸ்கொட்லாந்தின்ட ரேஞ்சர்ஸ் கிளப், எலீட் ஸ்போர்ட்ஸ், ஜேடி ஸ்போர்ட்ஸ் மூண்டுக்கும் ரெண்டு மில்லியனுக்கு மேல தண்டம். ஜேடி 55 பவுண்டுக்கு வித்த ரேஞ்சர்ஸ் சேர்ட்டை, எலீட் நடத்தின ஒன்லைன் கடையின்ட விலையான 60க்கு ஏத்த வைச்சினம். அஞ்சு பவுண்டுதானே எண்டு நினைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்காரன்ட அஞ்சு பவுண்ட் அது.

இந்த விஷயத்தில உங்களுக்கு வேண்டியது ஒண்டுதான்: எந்தக் கடையும் தான் நினைச்ச நேரம் விலையைக் குறைக்கலாம், குறைக்காதே எண்டு கிளப்போ கம்பெனியோ கட்டளை போட ஏலாது. சேர்ட் புதுசா வந்த கோடையில குறைக்க ஒருத்தருக்கும் தேவையில்லை, சனம் முழு விலைக்கே அள்ளிக்கொண்டு போகும். நவம்பர் கடைசியில பிளக் ஃபிரைடே, பிறகு நத்தார் கழிஞ்ச மலிவு விற்பனை, கடைசியா அடுத்த சீசன் சேர்ட் வாற மே, ஜூன். இந்த மூண்டு நேரமும்தான் இறங்கும். மே மாசம் ஆகக் குறைவு, ஆனா நடு அளவுகள் அதுக்குள்ள முடிஞ்சு போயிடும். நீங்கள் நல்ல நேரத்திலதான் தேடுறீங்கள்.

அதால கிளப் கடையோட நிக்காதேங்கோ. அடிடாஸின்ட சொந்தத் தளத்தில அவுட்லெட் பகுதி இருக்கு, அதையும் பெரிய விளையாட்டுக் கடைகளையும் பாருங்கோ. பல கடையளின்ட விலையை ஒரே பக்கத்தில காட்டுற ஒப்பீட்டுத் தளங்களும் இருக்கு. டெலிவரியையும் சேத்துக் கணக்குப் பாருங்கோ, 38க்குக் காட்டிப்போட்டு கடைசியில 43 எடுக்கிற கடையும் இருக்கு.

முல்லை_நிலா (ஜனவரி 11, மதியம் 12.20)

ஹரோ அண்ணை, ஒண்டு கேளுங்கோ. பேர் அடிச்சு வாங்க முதல் அளவு சரியோ எண்டு கட்டாயம் பாருங்கோ. ஒன்லைனில வாங்கின சாமானை 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பலாம், அது 2014இல இருந்து சட்டம். ஆனா உங்கட விருப்பத்துக்குப் பேர் அடிச்ச சேர்ட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. கிழிஞ்சோ பிழையாயோ வந்தா மட்டும்தான் கேக்கலாம். எங்கட மகளுக்கு இப்பிடித்தான் சின்ன அளவு வந்து, ஒருக்காலும் போடாமல் அலுமாரியில கிடக்கு.

வெறும் சேர்ட்டை முதல் எடுங்கோ. போட்டுப் பாத்திட்டு, அளவு சரியெண்டா பெரிய விளையாட்டுக் கடைகளின்ட சில கிளைகளில பிரீமியர் லீக்கின்ட அதே எழுத்தில பேர் அடிச்சுத் தருவினம். முதல் ஃபோன் பண்ணி, சாக்கா 7 இருக்கோ, வெளியில வாங்கின சேர்ட்டுக்கும் அடிப்பினமோ எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, இஞ்ச 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளின்ட உடுப்புக்கு 20 சதவீத வாட் வரி இல்லை. மகனுக்கு 11-12 சின்னன் எண்டு பெரியாக்களின்ட சின்ன அளவுக்குப் போகாதேங்கோ, 13-14 எடுங்கோ. ரெண்டு வருஷம் போடுவான், விலையும் குறைவு.

கோவை_டு_ரீடிங் (ஜனவரி 11, மதியம் 1.10)

முல்லை சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம். பணம் கட்டுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை: கிரெடிட் கார்டுல வாங்கினா பாதுகாப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்தச் சட்டம், செக்‌ஷன் 75, 100 பவுண்டுக்கு மேல விலை இருக்கிற பொருளுக்குத்தான். இந்தச் சட்டை அதுக்குள்ள வராது. பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கார்டுல கட்டின பணத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி, கேக்கலாம், ஆனா அது கார்டு கம்பெனிகளோட விதி, சட்ட உரிமை கிடையாது. பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் பண்ணிடாதீங்க.

வீட்டுல யுனிவர்சிட்டி போற பிள்ளை இருந்தா யூனிடேஸ், ஸ்டூடன்ட் பீன்ஸ்ங்கிற மாணவர் தளங்கள்ல தள்ளுபடி கோட் பாருங்க. டாப்கேஷ்பேக்ங்கிற தளம் வழியா கடையோட தளத்துக்குள்ள போய் வாங்கினாலும் கொஞ்சம் பணம் திரும்பக் கிடைக்கும். புதுச் சட்டைக்கு சில கடைங்க கோட் ஏத்துக்காது, முயற்சி பண்ணிப் பாருங்க.

ஹரோ_அப்பா (ஜனவரி 19, இரவு 8.50)

என்ன நடந்தது எண்டு சொல்ல வந்தனான். ஒரு பெரிய விளையாட்டுக் கடையின்ட தளத்தில 13-14 அளவு 39 பவுண்டுக்குக் கிடைச்சது. அக்காவின்ட மகள் யுனிவர்சிட்டியில படிக்கிறா, அவவின்ட கோட் போட 35.10 ஆச்சு. டெலிவரிக்குக் காசு குடுக்காமல் கடையிலயே போய் எடுத்தன். வெள்ளிக்கிழமை கையில வந்திட்டுது.

சேர்ட் ஒரிஜினல்தானோ எண்டு இன்னும் ஒரு சின்னப் பயம். எப்பிடிப் பாக்கிறது?

பழைய_கோல்கீப்பர் (ஜனவரி 19, இரவு 9.30)

தெரிஞ்ச கடையெண்டா பயமில்லை. எண்டாலும் பாத்து வைக்கிறது நல்லது. உள்ளுக்குத் தைச்சிருக்கிற சின்ன லேபிளில எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு கோட் இருக்கும். அதைக் கூகுளில போடுங்கோ. உங்கட கையில இருக்கிற அதே சேர்ட்தான் வரவேணும். போலி செய்யிறவை ஒரே லேபிளைப் பத்து விதமான சேர்ட்டில தைச்சு விடுவினம், அதால வேற கிளப்பின்ட படம், இல்லாட்டி சப்பாத்து, காற்சட்டை கூட வரும். பிறகு உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கோ, நூல் தொங்கக் கூடாது.

யாழ்ப்பாணம் நாவாந்துறையில நாங்கள் விளையாடேக்க பதினொரு பேருக்கும் ஒரே நிறத்தில சேர்ட் கிடைச்சதே பெரிய காரியம். நம்பரை அம்மாதான் துணி வெட்டித் தைச்சுத் தந்தவ. உங்கட பெடியன் அந்த 7ஐப் போட்டுக்கொண்டு நிக்கிறதை நினைக்கச் சந்தோசமா இருக்கு.

ஹரோ_அப்பா (ஜனவரி 19, இரவு 10.05)

கோட் போட்டன் அண்ணை, அதே சேர்ட், பிள்ளையளின்ட அளவு எண்டு சரியா வந்தது! அவன் நித்திரையாகேக்க மற்றச் சேர்ட் ஒண்டை வைச்சு அளந்து பாத்தன், தோள் சரி, நீளம் ரெண்டு விரல் கூட. சனிக்கிழமை பேர் அடிக்கக் குடுக்கிறன். கிளையில கேட்டன், வெளியில வாங்கினதெண்டாலும் பில்லோட கொண்டு வரச் சொன்னவை.

புது_உறுப்பினர்_லெஸ்டர் (ஜனவரி 20, காலை 8.40)

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். நான் 5 அடி 4, மெல்லிய உடம்பு. பெரியாக்களின்ட சேர்ட் வாங்க மனம் வரேல்லை. பிள்ளையளின்ட 15-16 எனக்குச் சரிவருமோ?

முல்லை_நிலா (ஜனவரி 20, காலை 9.15)

நானும் அந்த உயரம்தான் அக்கா, 15-16தான் போடுறன். அடிடாஸ் அளவு அட்டையில அது 176 சென்டிமீற்றர் எண்டு இருக்கும். தோள் கொஞ்சம் நேரா வெட்டியிருக்கும், நீளம் தாராளம். பேர் அடிக்காமல் எடுத்துப் போட்டுப் பாருங்கோ, சரிவராட்டி திருப்பி அனுப்பலாம்.