2019 முதல் ஆறு கடைசி ஆட்டங்கள், ஐந்தே கோல்: லீஃப்ஸுக்கு மே மாதத்தில் என்னதான் ஆகிறது?

மார்க்கம்_அப்பா

வணக்கம். ஐஸ் ஹாக்கியை விவரமாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள். நான் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது 2013 பிளேஆஃபில்தான் (சீசன் முடிந்த பிறகு கப்புக்காக, ஏழு ஆட்டம் வரை போகும் தொடர்களாக நடப்பது). பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம், இறுதிப் பகுதியான மூன்றாவது பீரியடில் 4-1 என்று முன்னால் நின்று, கடைசியில் ஓவர்டைமில் 5-4 என்று தோற்ற அந்த இரவு. மகளுக்கு அப்போது இரண்டு வயது, என் மடியில் தூங்கிவிட்டாள், கத்தவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் அப்படியே இருந்தேன்.

இப்போது அவள் என்னைவிடத் தீவிரம். 2025 மே 18, ஃபுளோரிடாவோடு ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில் 6-1 என்று தோல்வி. ஆட்டம் முடியும் முன்பே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் விடுமுறை, காலையில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, அக்டோபரிலிருந்து இவ்வளவு நல்லா விளையாடுறவங்க மே மாசம் வந்தா மட்டும் ஏன் வேற ஆக்கள் மாதிரி ஆகிடுறாங்க?" என்னிடம் பதில் இல்லை.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தோற்றால் வீட்டுக்கு, வென்றால் அடுத்த சுற்றுக்கு என்று இரண்டு அணிக்கும் கடைசியாக அமைந்த ஆட்டங்கள் மட்டும். 2019 பாஸ்டன், ஒரு கோல். 2020 கொலம்பஸ், பூச்சியம். 2021 மொன்றியால், ஒன்று, அதுவும் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்த பிறகு. 2022 டாம்பா, ஒன்று. 2024 பாஸ்டன், ஒன்று. 2025 ஃபுளோரிடா, ஒன்று. ஆறு ஆட்டத்தில் ஐந்து கோல். இதே காலத்தில் நம் மாத்யூஸ் ஒரு சீசனில் 60 கோல், இன்னொரு சீசனில் 69 கோல் அடித்திருக்கிறார்!

வேலையிடத்தில் கேட்டால் "நெஞ்சுரம் இல்லாத கூட்டம்" என்கிறார்கள், இல்லாவிட்டால் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கப்பே இல்லை, சாபம் என்கிறார்கள். பிள்ளைக்கு நான் சாபம் என்று சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆட்டத்துக்குள் ஏதோ ஒன்று மாறுகிறது, அது என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

நாலாவது_லைன்

அண்ணா, நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

82 ஆட்ட சீசனில் எதிரணி தினமும் மாறும். இன்றைக்கு இங்கே ஆட்டம், இரவோடு இரவாக விமானம் ஏறி நாளைக்கு வேறு ஊர், எதிரணியை உட்கார்ந்து படிக்க நேரமே கிடையாது. அப்படிப்பட்ட இரவுகளில் வேகமும் திறமையும் உள்ள அணி எதிரணியின் ஒரு தவறில் பக்கை (ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டு) எடுத்துக்கொண்டு, இரண்டு தடுப்பாளர்கள் மேல் மூன்று பேராகப் பாய்ந்து கோல் போட்டுவிடும். நம் மார்னர், நைலாண்டர் எல்லாம் அந்த வகை ஆட்டத்துக்குப் பிறந்தவர்கள்.

பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு தடவை வரை மோத வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது ஆட்டம் வரும்போது எதிரணிப் பயிற்சியாளருக்கு மார்னர் எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். நடு ஐஸில் வழி அடைபட்டுவிடும். பாய்ந்து போய் அடிக்கும் கோல் வற்றிவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே வழி, பக்கை எதிரணிப் பகுதிக்கு உள்ளே தள்ளிவிட்டு, மூலைக்குப் பின்னாலேயே ஓடி, போர்டில், அதாவது ஓரச் சுவரில், ஆளோடு ஆள் முட்டிப் பறித்து, கோலுக்கு முன்னால் நின்று, யாரோ அடித்த ஷாட்டில் மட்டையை நீட்டித் திருப்பிவிடுவது. அழகே இல்லாத வேலை.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் இங்கே வாரத்துக்கு ஒரு இரவு பெரியவர்கள் லீக்கில் ஆடுகிறேன், எங்கள் தரம் எல்லாம் ஒன்றுமில்லை. அதிலேயே கோலுக்கு முன்னால் பத்து விநாடி நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் மட்டையைக் குறுக்கே வைத்து அழுத்துவார், இன்னொருத்தர் கணுக்காலில் தட்டுவார், முன்னால் இருந்து வரும் பக் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். போன மாதம் பாதத்தின் மேல் பட்டது, இரண்டு நாள் சப்பாத்துப் போட முடியவில்லை. என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) வீரர்கள் இதை இரண்டு மாதம், நான்கு சுற்று, பதினாறு வெற்றி வரைக்கும் செய்ய வேண்டும். அதற்கென்று ஆள் தேர்ந்து, அதையே அக்டோபரிலிருந்து பழகிய அணிக்கு மே மாதத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை.

உங்கள் மகள் "வேற ஆக்கள்" என்றாளே, என் கண்ணுக்கு ஆட்கள் மாறவில்லை, அவர்களுக்குப் பிடித்த ஐஸ் காணாமல் போகிறது. 2024இல் பாஸ்டனுக்கு எதிராக லீஃப்ஸுக்குக் கிடைத்த 21 பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) ஒரே கோல். ஒரு ஆள் கூடுதலாக இருந்தும்!

கோலி_முகமூடி

மேலே சொன்னது சரி, ஆனால் கோல் காக்கும் கோலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. நான் சின்ன வயதில் கோலியாக நின்றவன், சொல்லாமல் போக மாட்டேன்.

2012இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் லீக்கின் மேற்குப் பிரிவில் எட்டாவது இடத்தில், கடைசி ஆளாக உள்ளே வந்தது. பதினாறு வெற்றி, நான்கே தோல்வி, கப். ஜொனதன் குவிக் என்ற ஒருவர் அந்த இரண்டு மாதம் எப்படி நின்றார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2019இல் செயின்ட் லூயிஸ் ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி இடம், பின்னிங்டன் என்ற புதுமுகக் கோலி வந்தார், ஜூனில் கப். டாம்பாவின் வசிலெவ்ஸ்கிக்கு 2021இல் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதே கிடைத்தது.

கோலி நன்றாக நிற்கும்போது முன்னால் ஆடுகிறவர்களின் கால் மாறும். டிஃபென்ஸ்காரர் பயமில்லாமல் ஒரு அடி முன்னே வருவார், அந்த ஒரு அடியில் பக் கிடைக்கும். கோலி ஆடிப்போயிருந்தால் எல்லோரும் பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள். 2025 ஃபுளோரிடா தொடரில் முதல் ஆட்டத்திலேயே லீஃப்ஸ் கோலி ஸ்டோலார்ஸ் தலையில் அடிபட்டு வெளியே போனார், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மதுரை_டு_ஒட்டாவா

அண்ணே, கோலி முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்க்கம் அண்ணன் எழுதிய பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 2022 டாம்பா, 2-1. 2024 பாஸ்டன், 2-1, அதுவும் ஓவர்டைம். கோலி இரண்டே கோல்தான் விட்டிருக்கிறார், இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? கோல் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒட்டாவா செனட்டர்ஸ் ஆள், டொராண்டோவைப் பார்த்து வயிறெரிந்து எழுதவில்லை, நிஜமாகவே இது எனக்குப் பிடித்த விஷயம். 2022 ஏழாவது ஆட்டத்தில் டாம்பாவின் இரண்டு கோலையும் அடித்தது யார்? அவர்களின் நட்சத்திரங்கள் குச்செரோவ் இல்லை, ஸ்டாம்கோஸ் இல்லை. நிக் பால். அந்த மார்ச் வரைக்கும் எங்கள் ஒட்டாவாவில் பெஞ்சுக்கும் ஐஸுக்குமாக மாடாய் உழைத்த ஆள், அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடு முடியும் நேரத்தில் டாம்பா வாங்கிக்கொண்டு போனது. அன்றைக்கு இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் டொராண்டோவை வீட்டுக்கு அனுப்பியது அவர்தான்.

டாம்பாவுக்கு இது பழக்கம். 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ இருவரையும் பெரிய விலை கொடுத்து வாங்கி, யானி கூர்டோடு சேர்த்து ஒரு மூன்றாவது லைன் (ஒன்றாக ஐஸில் இறங்கும் மூன்று ஃபார்வர்ட்) அமைத்தார்கள். அந்த லைன் எதிரணியின் முதல் லைனை மூச்சுவிட விடாது, அதனால் டாம்பாவின் நட்சத்திரங்களுக்கு லேசான எதிரிகள் கிடைப்பார்கள். 2020, 2021 இரண்டு கப்பும் வந்தது.

டொராண்டோவின் கணக்கு என்ன? ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 81.5 மில்லியன் டாலர் இருந்த வருடங்களில் மாத்யூஸ், டவாரெஸ், மார்னர், நைலாண்டர் நாலு பேருக்கே 40 மில்லியனுக்கு மேல். மீதி இருக்கிற பாதியில் கோலி, ஆறு டிஃபென்ஸ், எட்டு ஃபார்வர்ட், மேற்கொண்டு இரண்டு மூன்று பேர். எப்படித் தேறும்? ஸாக் ஹைமனை 2021இல் விட்டுவிட்டார்கள். மூலையில் போய் முட்டிப் பக்கை எடுத்து வருகிற ஆள் அவர்தான். எட்மன்டனுக்குப் போய் 2024 பிளேஆஃபில் மட்டும் 16 கோல் அடித்தார், பெரும்பாலும் கோல் வாசலில் நின்றபடியே. ஃபார்வர்ட் காட்ரியை 2019இல் விற்றார்கள், இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஆஃபில் தடை வாங்கியிருந்தார், கோபம் நியாயம்தான், ஆனால் 2022இல் கொலராடோவோடு கப்பைத் தூக்கினார்.

நாலு பேரும் திறமைசாலிகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலு பேரும் ஒரே ராத்திரி அடைபட்டால் ஐந்தாவதாக அடிக்க ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

எண்ணிப்பார்

எல்லோரும் காரணம் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு தயக்கம். ஹாக்கியில் ஒரு ஆட்டத்துக்கு மொத்தமே ஐந்தாறு கோல். பக் ஒரு சறுக்கில் திரும்பினால் ஒரு தொடரே திரும்பும். 2024 ஏழாவது ஆட்டத்தின் கடைசி கோலை நினைத்துப் பாருங்கள், பாஸ்டனின் லிண்ட்ஹோம் பக்கை உள்ளே தள்ளிவிட்டார், அது போர்டில் பட்டு நேராக அவர்களின் பாஸ்ட்ர்நாக் ஓடி வரும் பாதைக்கே வந்தது, ஓவர்டைம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்தது. அந்தப் பக் ஒரு முழம் தள்ளிப் பட்டிருந்தால் நாம் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்போம்.

டாம்பாவையே எடுங்கள். 2019இல் 62 வெற்றி, 128 புள்ளி, முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு நாலு தோல்வி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னால் நின்று தோற்றார்கள். அன்றைக்கு எல்லோரும் இதே "நெஞ்சுரம் இல்லை" பேச்சுதான் பேசினார்கள். நிர்வாகம் பயிற்சியாளர் ஜான் கூப்பரையும் நீக்கவில்லை, முக்கிய ஆட்களையும் விற்கவில்லை. வாஷிங்டன் 2016, 2017 இரண்டு வருடமும் லீக்கில் முதலிடம் பிடித்து இரண்டாவது சுற்றில் பிட்ஸ்பர்கிடம் தோற்றது, 2018இல் அதே பிட்ஸ்பர்கைத் தாண்டிப் போய் ஒவெச்கின் கப் தூக்கினார். ஒவெச்கினால் முடியாது என்று எத்தனை வருடம் எழுதினார்கள்!

அதனால் ஒரு தோல்விக்குக் காரணம் தேடினால் ஏமாந்துபோவோம். இரண்டு தோல்விக்கும் அப்படித்தான்.

நாலாவது_லைன்

ஆறு தோல்வி, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஒரு கோல். இதை அதிர்ஷ்டம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாம்பாவும் சும்மா இருக்கவில்லையே, மதுரைக்காரர் சொன்ன கோல்மனும் குட்ரோவும் வந்தது அந்த 2019 தோல்விக்குப் பிறகுதான்.

இன்னும் தெளிவான உதாரணம் ஃபுளோரிடா, அது நம்மை அடித்த அணி என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும். 2021-22இல் அவர்கள் 122 புள்ளி, லீக்கிலேயே அதிக கோல், பார்க்கவே அழகு. இரண்டாவது சுற்றில் டாம்பாவிடம் நாலும் தோல்வி, நாலு ஆட்டத்தில் மொத்தம் மூன்று கோல். நம் கதைதான், அச்சு அசலாக. ஆனால் அந்தக் கோடையிலேயே கோலும் கோலுக்கு உதவியுமாக 115 புள்ளி எடுத்த வீரர் ஹூபர்டோவை, கூடவே வீகரையும், கல்கரிக்குக் கொடுத்து மாத்யூ டகாச்சுக்கை வாங்கினார்கள், பால் மோரிஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள், பக்கை உள்ளே தள்ளி வேட்டையாடுகிற ஆட்டத்துக்கு மொத்த அணியையும் மாற்றினார்கள். அடுத்த சீசன் 92 புள்ளி, தட்டுத்தடுமாறி உள்ளே வந்தார்கள். ஊரெல்லாம் சிரித்தது. அந்த அணிதான் 65 வெற்றி 135 புள்ளி என்று சாதனை படைத்த பாஸ்டனை, 3-1 என்று பின்தங்கிய தொடரில், ஏழாவது ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் சமன் செய்து ஓவர்டைமில் வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போனது. பிறகு 2024, 2025 இரண்டு கப்.

சீசனில் முப்பது புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நிர்வாகம் துணிந்தது. டொராண்டோ ஒவ்வொரு வருடமும் சீசன் புள்ளியைப் பார்த்து ஆறுதல் அடைந்தது. பயிற்சியாளரை மாற்றினார்கள், மேலாளரை மாற்றினார்கள், முதல் நாலு பேரைத் தொட 2025 கோடை வரைக்கும் காத்திருந்தார்கள். மார்னர் வேகஸுக்குப் போன அன்று எனக்குச் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை, மூன்று வருடம் தாமதமாகிவிட்டதே என்றுதான் இருந்தது.

மார்க்கம்_அப்பா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகளையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து முழுவதையும் வாசித்தோம்.

2025 ஐந்தாவது ஆட்டத்தை நேற்று இரவு திரும்பப் போட்டுப் பார்த்தோம், அதுவும் 6-1தான், சொந்த அரங்கில்தான். இந்தமுறை அவள் பக்கையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கையில் ஒரு கொப்பியோடு இருந்து, மூலைக்குப் போன பக்கை யார் முதலில் தொடுகிறார்கள் என்று கோடு போட்டாள். முதல் பீரியட் முடியும்போது கொப்பியை என்னிடம் நீட்டினாள். ஃபுளோரிடா பக்கத்தில் கோடுகள் வரிசையாக இறங்கி வந்திருந்தன, நம் பக்கத்தில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

"எண்ணிப்பார்" சொன்னதற்கு அவள் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள், பதில் தெரிந்தால் எழுதுங்கள்: சறுக்கித் திரும்பும் பக் அதிர்ஷ்டம் என்றால், அது திரும்பி வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் பாஸ்ட்ர்நாக் மாதிரி ஒருத்தர் ஓடி வந்துகொண்டிருப்பதும் அதிர்ஷ்டமா?

எண்ணிப்பார்

இல்லை, அது அதிர்ஷ்டம் இல்லை. அன்று அவர் பக் உள்ளே போகும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டார், பக்கத்தில் இருந்த மார்னர் அவரைப் பின்தொடரவில்லை. அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கை விட்டுவிட்டு பாஸ்ட்ர்நாக்கின் காலை மட்டும்.