லேசர் படகோட பாய்ல நம்பர் மாத்தணும், எங்க வாங்கி எப்படி ஒட்டுறது?

மண்டபம்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காக செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேசர் வாங்கிருக்கோம், ஒராள் ஓட்டுற சின்ன பாய்மரப் படகு, இப்ப ஐஎல்சிஏன்னு சொல்றாங்கல்ல அதான். கூட வந்த பாய் வேற படகோடது போல, பாய்ல ஒரு நம்பர் இருக்கு படகுல ஒரு நம்பர் இருக்கு. மெட்ராஸ் ரெகாட்டாவுக்கு, அதான் பாய்மரப் படகுப் போட்டிக்கு, பேர் குடுத்தாச்சு. ராம்நாட்ல பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டுற கடையில கேட்டேன், வெட்டித் தர்றோம்ங்கிறாங்க, அது கடல்ல நிக்குமா? பழச உரிச்சா துணி கிழிஞ்சிராதுல்ல? விசைப்படகுல ஐஎன்டின்னு எழுதுறோமே அது மாதிரி நாட்டு எழுத்தும் போடணுமா?

தென்கடல்காரன்:
தம்பி பைக் ஸ்டிக்கர் வெட்டுற வினைல் வேணவே வேணாம். பாய சுருட்டிப் பிரிக்க பிரிக்க மடிப்புல வெடிச்சு ஓரம் கிளம்பிரும், நம்ம வெயிலுக்கு சீக்கிரமே சுருங்கிரும். பாய் நம்பருக்குன்னே பின்னாடி பசை வச்ச பாலியஸ்டர் துணி வருது, படகு சாமான் விக்கிறவங்ககிட்ட செட்டா கேளுங்க, ஆன்லைன்லயும் வாங்கலாம். நம்பர் எதுன்னா படகோட நம்பர்தான், காக்பிட்டு, அதாவது ஆள் உக்கார்ற குழியோட பின்பக்கம் சின்ன பிளேட்டு இருக்கும் பாருங்க. ஐஎன்டி எழுத்து உலக சாம்பியன்ஷிப்புக்கும், கண்ட அளவுல நடக்குற சாம்பியன்ஷிப்புக்கும், சர்வதேசப் போட்டின்னு அறிவிச்சு நடத்துறதுக்கும்தான் கட்டாயம், மத்ததுக்கு அவங்க அறிவிப்புல கேட்டிருந்தா மட்டும் போட்டா போதும்.

ராயபுரம்_அக்கா:
நான் ரேஸ் கமிட்டி படகுல உக்காந்து நம்பர் எழுதுறவ, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ஸ்டார்ட்ல கோட்டுக்கு முன்னாடி கிளம்புனது யாரு, ஃபினிஷ்ல யாரு முந்துனதுன்னு எல்லாமே எங்களுக்கு அந்த நம்பர்தான் தம்பி. நாலஞ்சு பாய் ஒண்ணு மேல ஒண்ணா வரும்போது ஒரு எண் மங்கலா இருந்தாலும் பையன் ஓட்டுன ரேஸ் வீணாப் போயிரும். லேசருக்கு ஒவ்வொரு எண்ணும் 300 மி.மீ உயரம். ஆறு இலக்க நம்பர்னா கடைசி நாலு எண் ஒரே அடர் நிறம், முன்னாடி உள்ளது பளிச்சுனு வேற நிறம், 148200க்கு மேல உள்ள படகுக்கு இதுதான் விதி. ஸ்டார்போர்டு (முன்ன பாத்து நின்னா வலது) பக்கத்து நம்பர் மேல, போர்ட் (இடது) பக்கத்தது கீழ, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழக்கூடாது, வெயில்ல துணி வழியா ரெண்டும் சேந்து தெரியும். இடம் எதுன்னு கிளாஸ் விதியில, அதாவது இந்த வகைப் படகுக்குன்னே உள்ள விதியில, படம் இருக்கு, அத பிரிண்ட் எடுத்துக்கிட்டு உக்காருங்க.

இன்னொண்ணு, செட்டுல எல்லாமே கட்டம் கட்டமா 8ஆ வரும், கால்குலேட்டர் 8 மாதிரி, வேண்டாத பட்டைய நாமதான் வெட்டணும். பின்னாடி இருக்குற பேப்பர்ல கோடு போட்டு வெட்டுறாங்க பாருங்க, அங்கதான் வம்பு, திருப்பிப் பாத்தா 5 போட்டது 2 ஆயிரும். துணி பக்கம் பாத்தே வெட்டுங்க.

வாடைக்காத்து:
பழச உரிக்க ஹேர் டிரையர் போதும், சூடு காட்டி ஒரு மூலையத் தூக்கி பாயோட ஒட்டுனாப்புலயே மெதுவா இழுங்க, நேரா மேல இழுத்தா துணி மேல இருக்குற பூச்சு கூட வரும். மிச்சப் பசைக்கு நீலகிரித் தைலம், ஊட்டி போனவங்க கொண்டாந்தது எல்லார் வீட்லயும் இருக்கும்ல, அதத் துணியில நனச்சு தேச்சா உருண்டு வந்துரும். மூலையில கொஞ்சமா தேச்சுப் பாத்துட்டு செய்ங்க. அப்பறம் சோப்புத் தண்ணி, நல்ல தண்ணி. உப்பு ஒரு துளி இருந்தாலும் புதுசு ஒட்டாது. பாம்பன் காத்துல வெளிய வச்சு ஒட்டாதீங்க, மணலும் வரும் ஸ்டிக்கரும் மடிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வீட்டு ஹால்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டு தரையில விரிங்க. பென்சில்ல கோடு. பேப்பர மேல ரெண்டு விரல் அளவுக்கு உரிச்சு அத மட்டும் ஒட்டி, நேரா இருக்கான்னு பாத்துட்டு, மிச்சத்த உரிச்சுக்கிட்டே கரண்டி முதுகால தேச்சு இறங்குங்க.

மண்டபம்_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. ஒரே ஒரு சந்தேகம், செட்டு வர லேட்டாச்சுன்னா பழைய நம்பரோடயே ஓட்டுனா டிஸ்குவாலிஃபை பண்ணிருவாங்களா?

ராயபுரம்_அக்கா:
எடுத்தவொடனே பண்ண மாட்டாங்க. புரொட்டெஸ்ட் கமிட்டி, அதான் விதிமீறல் புகார விசாரிக்கிற குழு, விசாரிச்சு, எச்சரிக்கை குடுத்து மாத்த டைம் குடுக்கலாம், இல்ல பெனால்டி போடலாம், அது அவங்க முடிவு. அத நம்பி இருக்காதீங்க, இப்பவே ரேஸ் கமிட்டிக்கு எழுதி, இந்தப் பாய் நம்பரோட வரலாமான்னு அனுமதி கேட்டு வச்சுக்கங்க. செட்டு வந்ததும் பேப்பர உரிக்கிறதுக்கு முன்னாடி பாய் மேல எல்லா எண்ணையும் அடுக்கி வச்சு ஒரு போட்டோ இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.