ஒன்பது மாதப் பிள்ளைக்கு ஐஸ்பழம்: அக்காமாரே, கொஞ்சம் உதவுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கிறோம். மகளுக்கு 9 மாதம், மேல்முரசில் இரண்டு பல் முளைக்கிறது. இந்தக் கச்சான் காற்று வெக்கையும் சேர்ந்ததில் பிள்ளை சோற்றைத் தொடுகிறாளே இல்லை.

கோழிக்கூட்டு வாழைப்பழத்தை மசித்து, தாய்ப்பால் கலந்து, ஐஸ் தட்டில் உறைய வைத்துக் கொடுத்தேன். என்ன ஆசையாகச் சப்பினாள்! ஆனால் கல்லுப்போல இறுகிவிடுகிறது. துண்டு உடைந்து தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயத்தில் நான்தான் கையில் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். கல்லாகாமல் மென்மையாக உறைய என்ன செய்யலாம்? எருமைத் தயிர் சேர்த்தால் சரிவருமா? பப்பாசி, மாம்பழத்தில் செய்து பார்த்தவர்கள் அளவு சொல்லுங்கள்.

சீனி வேண்டாம். தேனும் சொல்லாதீர்கள், ஒரு வயதுக்குள் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்து அதில் இருக்கலாம்.

அப்புறம், கரண்ட் போய் உருகியதைத் திரும்ப உறைய வைக்காமல் கொட்டிவிடுகிறேன். அது சரிதானே?