பக்கத்து வயலில் ட்ரோன் மருந்து தெளித்தது, எங்கள் பட்டுப்புழு செத்தது: யாரைக் கேட்பது?

பட்டுக்கூடு (குப்பம்):

வணக்கம். குப்பத்திலிருந்து தமிழ்நாட்டு நாட்றம்பள்ளிக்குப் போகும் வழியில், ஆந்திர எல்லைக்குள், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி இருக்கிறது. வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். அதன் சொந்தக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முன்பெல்லாம் கைத்தெளிப்பான் வைத்துத்தான் மருந்து அடிப்பார். அடிப்பதற்கு முதல் நாள் சொல்லிவிடுவார், நாங்களும் அந்த ஓரத்து இலையைப் பறிக்க மாட்டோம்.

இந்த முறை ட்ரோன் வந்தது. ஓட்டியவர் தமிழ்நாட்டுப் பக்கத்து இளைஞர். ட்ரோன் அவருடையது அல்ல, வேறு ஒருவரிடம் நாள் வாடகைக்கு எடுத்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மாலை வெட்டிய தழையைத்தான் புழுவுக்குப் போட்டோம். 200 முட்டைத் தொகுதிப் புழு (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி), நான்காவது தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்குப் புழு வளர்ப்பு மனைக்குள் போனால் தழை தின்னும் அந்தச் சத்தமே இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தோம். புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின, வாயிலிருந்து பச்சையாகக் கக்கின, உடம்பு சுருங்கிப்போனது. விடிவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. இன்னும் நான்கைந்து நாளில், கூடு கட்டுவதற்காகச் சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டிய புழு.

மாமாவைக் கேட்டால், "நான் பணம் கொடுத்தேன், ஓட்டியவனைக் கேள்" என்கிறார். ஓட்டியவர், "எல்லையைக் குறித்துக் கொடுத்தது அவர், ட்ரோன் தானாகப் பறந்தது, நான் வெறும் பொத்தானை அழுத்தினேன்" என்கிறார். ட்ரோன் சொந்தக்காரர், "நான் வாடகைக்கு விட்டதோடு சரி, மென்பொருளில் கோளாறு என்றால் விற்றவர்களைக் கேளுங்கள்" என்கிறார். கைத்தெளிப்பானாக இருந்தால் பிடித்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். இதற்குச் சட்டத்தில் யார் பொறுப்பு? ஓட்டியவர் வேறு மாநிலம், அதனால் வழக்கை எங்கே போடுவது என்றும் தெரியவில்லை.

ஓசூர் ட்ரோன் ஓட்டி:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நானும் தெளிப்பு வேலைதான் செய்கிறேன். "தானாகப் பறந்தது" என்று அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. எல்லைப் புள்ளிகளை வைத்து ட்ரோன் தானாகப் பறப்பது உண்மை. ஆனால் வரப்போரத்தில் எத்தனை மீட்டர் விட்டுவிட்டுப் பறக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதையெல்லாம் ஓட்டுபவர்தான் வைக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டியதும் அவர்தான். ட்ரோன் தெளிக்கும் துளி கைத்தெளிப்பானின் துளியைவிடச் சன்னமாக இருக்கும், கொஞ்சம் காற்று இருந்தாலே தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் மல்பெரி இருந்தால், காற்று அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ட்ரோனை இறக்கிவிடுவேன். அன்றைய கூலி போனாலும் சரி.

ஒன்றை உடனே செய்யுங்கள். ட்ரோன் எந்த நிமிடம் எங்கே இருந்தது, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் பறந்தது, எவ்வளவு மருந்து இறங்கியது என்பதெல்லாம் பறப்புப் பதிவாக அதிலேயே இருக்கும். அது அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

வாணியம்பாடி வக்கீல்:

அம்மா, முப்பது ஆண்டுகளாக வாகன விபத்து வழக்குகள்தான் என் பிழைப்பு. டிரைவர் முதலாளியைக் காட்டுவார், முதலாளி டிரைவரைக் காட்டுவார், இரண்டு பேரும் சேர்ந்து பிரேக்கைக் காட்டுவார்கள். உங்கள் மூன்று பேரும் சொல்வது அதே பேச்சு. அதனால் மனம் தளர வேண்டாம்.

இந்தக் கைகாட்டலை நீதிமன்றம் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1842இல் இங்கிலாந்தில் ஒரு தபால் வண்டி உடைந்து அதன் ஓட்டுநர் ஊனமானார். வண்டியைச் சரியாக வைத்திருக்க ஒப்புக்கொண்டவர் மீது வழக்குப் போட்டார். ஒப்பந்தம் தபால் துறைக்கும் அவருக்கும் இடையில்தான், உனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். இதை அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவே இருக்காது என்று நீதிபதிகள் பயந்தார்கள். பிறகு தொழிற்சாலையில் அடைத்து மூடிய பொருட்கள் முகம் தெரியாத ஆட்களிடம் போய்ச் சேர ஆரம்பித்தன. 1932இல் ஒரு பெண் குடித்த இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாக வழக்கு வந்தது. பாட்டிலை வாங்கியது அவருடைய தோழி, அந்தப் பெண்ணுக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் தயாரித்தவர், கடைசியில் குடிக்கப்போகிறவரிடம் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இடையில் 90 ஆண்டுகள். அத்தனை காலமும் அடிபட்டவர்கள் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

உங்கள் மாமாவுக்குப் பொருந்துகிற வழக்கு 1934இல் நடந்தது. ஒரு சினிமாக் கொட்டகையின் உட்புறத்தைப் புகைப்படம் எடுக்க ஒரு நிறுவனம் வெளியாட்களை அமர்த்தியது. அந்தக் காலத்தில் புகைப்படத்துக்கு வெளிச்சம் என்றால் மக்னீசியத்தைக் கொளுத்துவது. திரைச்சீலையில் தீப்பற்றிக்கொண்டது. வெளியாளிடம் வேலையைக் கொடுத்தால் அவன் தவறுக்குக் கொடுத்தவன் பொறுப்பில்லை என்பது பொது விதி. ஆனால் வேலையே ஆபத்தானது என்றால், "ஆள் வைத்துச் செய்தேன்" என்று நழுவ முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூச்சிக்கொல்லியைக் காற்றில் தூவுவதை இதோடு வைத்து வாதிட இடம் இருக்கிறது. ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

நம் நாட்டுத் தீர்ப்பு இன்னும் உறுதியானது. மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிய ஒருவர், சாலையில் கிடந்த மின்கம்பியின் மேல் சைக்கிளை ஏற்றி, மின்சாரம் தாக்கி இறந்துபோனார். யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால் வந்த வினை, எங்கள் தவறு இல்லை என்றது மின்வாரியம். 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கையாள்கிறவர் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பு, தான் கவனமாகத்தான் இருந்தேன் என்பது அதற்குப் பதிலாகாது என்றது. அதற்கும் முன்னால் 1986இல், டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து ஒலியம் என்ற அமில வாயு கசிந்த வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு விலக்கே கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அது போபால் விஷவாயு விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளில் வந்த தீர்ப்பு. தக்காளித் தோட்டத்தை ரசாயன ஆலையோடு வைத்து வாதிட நான் முன்வர மாட்டேன், அந்த மின்கம்பி வழக்கு போதும்.

இப்போது ட்ரோனுக்கு வருகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் காப்பீடு பற்றிய விதியைப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும், உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் இழப்பீட்டுக்கும், 1988 மோட்டார் வாகனச் சட்டமே தக்க மாறுதல்களோடு பொருந்தும் என்கிறது. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு மட்டும்தான் விலக்கு. பத்து லிட்டர் மருந்தைத் தூக்குவது அந்தக் கணக்கில் வராது. ஆகவே லாரி மோதினால் எப்படி ஓட்டியவர், சொந்தக்காரர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் சேர்க்கிறோமோ அப்படியே இங்கும் சேர்க்கலாம். எங்கே போடுவது என்ற கவலை வேண்டாம். அந்தச் சட்டப்படி சேதம் நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். சாதாரண உரிமையியல் வழக்காகப் போனாலும் கேடு நடந்த இடத்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாட்றம்பள்ளிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, ட்ரோன் ஓட்டியவர்தான் எல்லை தாண்டி வர வேண்டும். ஆனால் விபத்து மனுவுக்கு ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலில் இருந்து திரும்ப வந்திருக்கிறது. காலம் கடத்தாதீர்கள்.

"மென்பொருள் கோளாறு" என்பதற்கும் பதில் இருக்கிறது. 2024இல் கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் உரையாடு நிரல் (சாட்பாட்) பயணிக்குத் தவறான கட்டணத் தகவல் கொடுத்தது. அந்த நிரல் தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, நிறுவனமே பணம் கொடுத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் மென்பொருளையும் 'பொருள்' என்ற கணக்கில் சேர்த்துத் தயாரிப்பாளர் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. கோளாறு உண்மையென்றால், சொந்தக்காரர் உங்களுக்குக் கொடுத்துவிட்டு விற்றவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

இன்றே செய்ய வேண்டியது: செத்த புழுவையும் வரப்போர இலையையும் தனித்தனியாகப் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பட்டு வளர்ச்சித் துறை அலுவலரையும் வேளாண் அலுவலரையும் அழைத்து, அவர்கள் பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தெளித்த மருந்தின் பாட்டிலைப் படம் எடுங்கள். அதன் லேபிளில் பட்டுப்புழுவுக்கோ தேனீக்கோ ஆகாது என்று எழுதியிருந்தால், அது ஒன்றே வழக்கில் பாதி.

தக்காளித் தோட்டம் (பலமனேர்):

வக்கீல் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ட்ரோனைப் பற்றி அந்தத் தக்காளி விவசாயிக்கு என்ன தெரியும்? ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்றுதான் நாங்கள் ட்ரோனைக் கூப்பிடுகிறோம். ஓட்டுவதற்குச் சான்றிதழ் பெற்றவர் அவர். அவர் தவறுக்கு நிலக்காரனும் கட்ட வேண்டும் என்றால், ஒரு பருவத்துத் தக்காளியை விற்று வழக்குச் செலவுதான் செய்ய வேண்டும். சந்தையில் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போகும்போது எங்களுக்கு யார் இழப்பீடு கொடுக்கிறார்கள்?

வாணியம்பாடி வக்கீல்:

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பெரியவர் தலையிலேயே முழுவதையும் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் யார் எவ்வளவு என்று நீதிமன்றம் பிரிக்கும், கட்டியவர் மற்றவரிடம் திரும்ப வசூலிக்கலாம். ஆனால் பக்கத்தில் மல்பெரி இருப்பது அவருக்குத் தெரியும், முன்பு சொல்லிவிட்டுத்தான் அடித்திருக்கிறார். ட்ரோனைப் பற்றித் தெரிய வேண்டாம், ஒரு போன் செய்தாலே போதும், அவர்கள் அந்தத் தழையை வெட்டியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஏழையை ஏழைக்குப் பொறுப்பாக்குவதால் யாருக்கும் பணம் கிடைக்காது என்பதை லாரிகள் வந்த காலத்திலேயே கண்டுகொண்டார்கள். 1939 மோட்டார் வாகனச் சட்டம் கொண்டுவந்த கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு 1946இல் நடைமுறைக்கு வந்தது. யார் தவறு என்று நிரூபிக்காமலே ஒரு தொகை கிடைக்க 1982இல் திருத்தம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சாலையில் செத்தவர்களின் குடும்பங்கள் எத்தனை முறை நீதிமன்றப் படியேறியிருக்கும்! ட்ரோனுக்கும் அதே காலத்தைக் கடக்க வேண்டுமா? விதி இப்போதே இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது "காப்பீட்டு நகலைக் காட்டு" என்று ஒவ்வொரு விவசாயியும் கேட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு, பக்கத்து வயலுக்கும் பாதுகாப்பு.

பட்டுக்கூடு (குப்பம்):

எல்லோருக்கும் நன்றி. பட்டுத் துறை அலுவலர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். இலையும் புழுவும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. மாமாவும் பாட்டிலைக் கொடுத்துவிட்டார், லேபிளில் தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் ஆகாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பறப்புப் பதிவைத் தர ட்ரோன் சொந்தக்காரர் மறுக்கிறார். காப்பீட்டு நகலை மட்டும் அனுப்பினார். அதில் ட்ரோன் விழுந்து உடைந்தால்தான் பணம் என்று இருக்கிறது, மூன்றாம் நபரைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படியானால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காதா ஐயா?

வாணியம்பாடி வக்கீல்:

கிடைக்கும் அம்மா. காப்பீடு இல்லாத லாரி மோதினால் சொந்தக்காரர் தன் கையிலிருந்து கட்டுவார், இவரும் அப்படித்தான். அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். வைத்திருக்க வேண்டிய காப்பீடு இல்லாமல் வாடகைக்கு விட்டார் என்பதற்கு அவரே கொடுத்த சாட்சி அது. பறப்புப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி மூவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகும் தராவிட்டால், அதில் இருப்பது அவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம், அதற்குச் சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. முட்டைத் தொகுதி வாங்கிய ரசீதும், போன பருவத்தில் கூடு விற்ற சந்தைச் சீட்டும் இருந்தால் எடுத்து வையுங்கள், நஷ்டக் கணக்கை அதிலிருந்துதான் போட வேண்டும்.