பி53 பேண்ட் வரவே இல்லை, அவசரம்!

குளிரறைவாசி: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம் தெரியவே மாட்டேன் என்கிறது. ஒப்பிடுவதற்குப் பார்க்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று வருகிறது. ஆன்டிபாடி புதுசு. அடுத்த மீட்டிங்கில் கைடிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

ஜெல்செல்வன்: எந்த செல்? எந்த ஆன்டிபாடி? எவ்வளவு புரதம் லோடு செய்தீர்கள்?

பால்பாக்கெட்: ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் பிளாக் செய்யப் பால்பவுடர் போட்டிருப்பீங்க. அதுதான் வினை. பிஎஸ்ஏவுக்கு (மாட்டு ரத்தப் புரதம்) மாறுங்க.

ஜெல்செல்வன்: பாஸ்பேட் ஒட்டிய புரதத்தைத் தேடும் பாஸ்போ ஆன்டிபாடிக்குத்தான் பால் தொல்லை தரும். இதற்கு என்ன?

குளிரறைவாசி: ஆன்டிபாடி டிஓ-1. புரதம் 30 மைக்ரோகிராம். 43 கிலோடால்டன் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதுவா?

பக்கத்துபெஞ்ச்: அதேதான்! 393 அமினோ அமிலத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 43.7 கிலோடால்டன்தானே வரும்.

முதுபிப்பெட்: தம்பிகளா, கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு ஜெல்லாவது ஓட்டுங்கள். புரோலின் மிகுந்த பகுதி இருப்பதால் பி53 மெதுவாக ஓடி 53 பக்கம் நிற்கும். பெயரே அப்படி வந்ததுதான். ஆக்டின் 42. ஆக்டின் பார்த்த அதே மெம்பிரேனை சரியாக ஸ்ட்ரிப் செய்யாமல் (பழைய ஆன்டிபாடியைக் கழுவாமல்) திரும்பப் போட்டிருப்பார், அந்தக் கோடு ஆக்டினாக இருக்கும்.

பக்கத்துபெஞ்ச்: அப்போ பெயர் வைத்தவர்களே எடையைத் தப்பாகப் பிடித்தவர்கள். 1979இல் கண்டுபிடித்துவிட்டு, 1989 வரை புற்றுநோயைத் தூண்டும் ஜீன் என்றே நம்பியவர்கள்தானே!

முதுபிப்பெட்: முதலில் குளோன் செய்தவை மியூட்டேஷனால் திரிந்த வடிவங்கள், அதனால் வந்த குழப்பம் அது. எடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஜெல்செல்வன்: சண்டை அப்புறம். செல் எது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

குளிரறைவாசி: ஹீலாதான், கருப்பைவாய்ப் புற்றுநோய் செல். எல்லா லேபிலும் இருப்பதுதானே என்று சொல்லவில்லை. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

சுழலி_அக்கா: இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! ஹீலாவில் எச்பிவி-18 வைரஸின் ஜீன்கள் உண்டு. அதன் ஈ6 புரதம், செல்லின் சொந்த நொதியான ஈ6ஏபியைத் துணைக்கு இழுத்து பி53மேல் யுபிக்விட்டினை (அழிக்க வேண்டியது என்ற அடையாளம்) ஒட்டிவிடும். அப்புறம் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம் தின்றுவிடும். ஜீன் கெடவில்லை, புரதம்தான் தங்குவதில்லை. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லுக்கு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்சோரூபிசின் மருந்து கொடுத்துப் பார். டிஎன்ஏ சேதமானால், வழக்கமாக பி53ஐ அழிக்கவைக்கும் எம்டிஎம்2 புரதத்தின் பிடி தளர்ந்து பி53 சேரும். அது செல் பிரிவதை நிறுத்தும் பி21 ஜீனைப் படியெடுக்க வைப்பதால் பி21 பேண்டும் ஏறும். நெகட்டிவ் கண்ட்ரோலுக்கு எச்1299 செல்லை வை, அதில் பி53 அறவே கிடையாது.

பால்பாக்கெட்: எதற்கு அவ்வளவு? ஹீலாவிலேயே நட்லின்-3 மருந்து போட்டால் போச்சு.

சுழலி_அக்கா: நட்லின் தடுப்பது எம்டிஎம்2வை. இங்கே வேலையைக் காட்டுவது ஈ6. ஹீலாதான் வேண்டும் என்றால் புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132 கொடுத்து சில மணி நேரம் வைத்துப் பார்க்கட்டும்.

குளிரறைவாசி: பக்கத்து லேபில் எம்சிஎஃப்-7 கிடைத்தது. 53இல் வந்துவிட்டது, பி21ம் ஏறியிருக்கிறது. நன்றி அக்கா.

முதுபிப்பெட்: எவ்வளவு டாக்சோ, எத்தனை மணி நேரம்? அடுத்து வருகிறவர்களுக்கு உதவுமே.

ஜெல்செல்வன்: ஆள் போயாச்சு சார்.

பால்பாக்கெட்: பிஎஸ்ஏவுக்கு மாறியிருப்பார், பாருங்க.