கார் போர்ச்சில் முப்பது ஆண்டுச் சாமான்கள்: எதிலிருந்து தொடங்குவது?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் மாடியில்லாத வரிசை வீடு ஒன்றில் என் மாமனாரோடு வசிக்கிறோம். எங்கள் போர்ச்சில் கார் நின்று எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அது சாலையோரத்தில்தான் நிற்கிறது. போர்ச்சில் ஓடாத குளிர்பதனப் பெட்டி, மூன்று டயர்கள், பாதி காலியான பெயின்ட் வாளிகள், கொழுந்தனார் திருமணத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், வீடு புதுப்பித்தபோது மீந்த பலகைகள், காலமான மாமியாரின் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருக்கின்றன. இவற்றின் மேல் ஒரு நீலத் தார்ப்பாய், சுற்றிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட பூந்தொட்டிகள். தீபாவளிக்கு வருகிறவர்களைப் போர்ச்சில் உட்கார வைத்து விருந்தளிக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஒன்றை எடுத்தாலும் மாமனார், "அது தேவைப்படும், அங்கேயே இருக்கட்டும்" என்கிறார். சண்டையில்லாமல் எப்படித் தொடங்குவது?

கெப்போங் தோட்டக்காரர்:
சகோதரி, "இது தேவையா?" என்ற கேள்வியை அவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். அந்த வாதத்தில் மாமனார்தான் வெல்வார், ஏனெனில் எந்தப் பலகையும் என்றாவது ஒருநாள் எதற்காவது தேவைப்படத்தான் செய்யும். வெளியிடத்துக்கு வேறு இரண்டு கேள்விகள் போதும்: இதில் தண்ணீர் தேங்குமா? இது வெயிலையும் மழையையும் தாங்குமா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். காய்ந்துபோனாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டயரும் வாளியும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் தார்ப்பாயின் மடிப்புகள், தொட்டிகளுக்கு அடியிலுள்ள தட்டுகள், கவிழ்த்து வைத்த நாற்காலியின் குழிவுகள், முக்கியமாக அந்த ஆட்டுக்கல்லின் குழி ஆகியவற்றை நாம் கவனிப்பதேயில்லை. தார்ப்பாய் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவே நூறு சிறு குட்டைகளை உண்டாக்குகிறது. கொசு பெருகும் இடம் வைத்திருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கலாம் என்பதையும் மாமனாரிடம் மெதுவாகச் சொல்லிவையுங்கள். மருமகள் சொல்வதைவிடச் சட்டம் சொல்வது சில வேளைகளில் எடுபடும்.

இரண்டாவது கேள்விக்குப் பலகைகள் தாமாகவே விடை சொல்லும். மண்ணையோ சுவரையோ தொட்டபடி அடுக்கிய மரம் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுப்பதற்குச் சமம். அடுக்கின் அடியில் இருப்பதை உருவிக் காட்டுங்கள், பேச்சே தேவைப்படாது. மீதமிருப்பவற்றைப் போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு அலமாரியில், தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி வையுங்கள்; அடியில் துடைப்பம் நுழைய வேண்டும். தொட்டிகளில் பாதியை உறவினருக்குக் கொடுத்துவிடலாம். கறிவேப்பிலை, துளசி, பண்டான் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. குரோட்டன் பிரியர்கள் மன்னிக்கவும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால், வாரத்தில் இரண்டு நாள் வழக்கமான குப்பையும், மற்றொரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பருமனான சாமான்கள் ஆகியவையும் எடுக்கப்படுகின்றன. அந்த மூன்றாவது நாள் எது என்று விசாரித்து, உடைந்த பலகைகளை முந்தின இரவே வாசலில் வையுங்கள். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதால், எங்கள் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றமே இதைக் கவனிக்கிறது. உங்களுக்கு இது பொருந்தாது.

குளிர்பதனப் பெட்டியைப் பலகைகளோடு சேர்க்காதீர்கள். அது மின்கழிவு, உள்ளே வாயு இருக்கும். வாசலில் வைத்து உடைத்துச் செம்புக்குழாயை மட்டும் உருவிக்கொண்டு போக விடாதீர்கள். மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கும்வரை கதவைக் கழற்றி வைப்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. "சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்குத் தாளும் இரும்பும் போடலாம், சில வெள்ளி கிடைக்கும். அந்தக் காசை மாமனார் கையிலேயே கொடுங்கள்.

ஓய்வு பெற்றவர்:
நானும் ஒரு மாமனார்தான். கெப்போங் நண்பர் சொன்ன கொசுக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் வீட்டில் நடந்திருந்தால் நான் டயரை இறுகக் கட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பெயின்ட் வாளியில் எந்த அறையின் நிறம் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதனால் வாளிகளைத் தரம் பிரிக்கும் வேலையை அவரிடமே விடுங்கள்: நல்லதை ஒரு சிறு டின்னில் ஊற்றி, அறையின் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள், அவருக்கு அவமானமாக இருக்கும். வாரம் ஒரு மூலை போதும்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் குப்பை என்ற பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். குழவியை எடுத்துவிட்டு, குழியில் மண் நிரப்பித் துளசி வைத்தால் தண்ணீர் தேங்கும் என்று சிலர் அஞ்சுவார்கள். அடியில் துளை இல்லாததால் அந்த அச்சம் சரியானதே. கூரைக்கு உள்ளே, சாரல் படாத சுவரோரம் வைப்பதே நல்லது.

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று தார்ப்பாயை மட்டும் இருவரும் சேர்ந்து விலக்கினோம். மடிப்பில் புழுக்கள் நெளிந்ததை அவரே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டயர்களை வாசலுக்கு உருட்டிச் சென்றார். அலமாரிக்கு அளவு எடுத்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது: எங்கள் போர்ச்சு மேற்கு நோக்கியது, அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் மழையில் சாரல் பாதி தூரம் உள்ளே வரும். நாற்காலிகளைப் பின்சுவரோரம் அடுக்கினால், ஆட்டுக்கல்லுக்கு இடம் எங்கே ஒதுக்குவது? வலப்பக்கம் மீட்டர் பெட்டி இருக்கிறது, அதன் முன்னால் எதையும் வைக்க முடியாது.

ஓய்வு பெற்றவர்:
நாற்காலிகளில் எட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். பின்சுவரில் இடம் தானாகக் கிடைக்கும்.