களத்துமேட்டுக் கூலியும் செயின் வண்டியும்: டெல்டாவிலிருந்து சில அனுபவங்கள்

வெண்ணாற்றங்கரை:

இந்தத் தை மாதம் எங்கள் வயலில் செயின் வண்டி, அதாவது சேற்றிலும் ஓடும் நெல் அறுவடை இயந்திரம், இறங்கியிருந்தது. வண்டி திரும்ப முடியாத மூலைகளைக் கையால் அறுத்துக் கொடுக்க, ஒரு காலத்தில் எங்கள் அறுப்புக்கே ஆள் கூட்டி வந்த மூதாட்டியை வரச் சொல்லியிருந்தேன். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பணத்தை நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை. "நெல்லா அளந்து குடுங்க தம்பி, காசு வீட்டுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சிடும்" என்றார். நெல்லோ டிராக்டரில் ஏறிப் போய்விட்டது. அளப்பதற்கு வீட்டில் மரக்காலும் இல்லை. என் தந்தையின் காலத்தில் அறுத்தவர்களுக்குக் கூலி நெல் போக, வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் களத்திலேயே அளந்த பிறகுதான் மிச்சம் வீடு வந்து சேரும். அந்த உறவை அறுத்தது இயந்திரம்தான் என்பது என் எண்ணம்.

கீழத்தெரு மகள்:

மேலே எழுதியவர், அந்த மரக்கால் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கூலி நெல் உயர்வையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும் முன்வைத்து எழுந்த மோதலில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நியாயக் கூலிச் சட்டம் அதற்குப் பிறகு, 1969இல்தான் வந்தது. களத்துமேட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எனக்கு மறக்காதது வேறொன்று. எங்கள் தெரு ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பெண்கள் நூறு நாள் வேலைக்கும் போய்விட, நடவுக்கு ஆள் கிடைக்காத ஒரு புரட்டாசியில், அதுவரை என் அம்மாவை "வாடி, போடி" என்றே அழைத்து வந்த பண்ணை வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து, "நாளைக்கு உங்க ஆளுங்களோட வந்துடுங்கம்மா" என்றார். கூலி எவ்வளவு என்று அம்மா கேட்டார். அப்படி அவர் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே பண்ணை வீட்டுக்காரர் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார். நடவுக் கூலி போனது போனதுதான். ஆனால் அந்த "வாடி"யும் திரும்பி வரவில்லை.

குத்தகை உழவன்:

கூலியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சென்னையில் இருப்பவரின் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவன். 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். அங்கே கேட்கும் நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் உரிமையாளர் பெயரில் இருக்கின்றன. குத்தகையைப் பதிவு செய்தால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியதால் என் குவியல் தார்ப்பாயின் கீழ் சாலையோரம் கிடக்க, தூறல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவரிடம் தொலைபேசியில் பேசினேன். "என் பேர்லயே போடுங்க, பணம் என் கணக்குக்கு வந்ததும் குத்தகையைக் கழிச்சுட்டு அனுப்புறேன்" என்றார். வியாபாரி பைக்கை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

விதைநெல்:

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் விதை வாங்கி, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் குத்தகை உழவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெல்லாக விற்கும்வரை கொள்முதல் நிலையமும் வியாபாரியும்தான் உங்களுக்கு எசமானர்கள். கருப்புக் கவுனியோ மாப்பிள்ளைச் சம்பாவோ விதைத்து, நன்றாகக் காயவைத்து, சிறிய ஆலையில் அரைத்து, அரிசியாக நேரடியாக வீடுகளுக்கு விற்றுப் பாருங்கள். சிட்டா கேட்க ஆள் இருக்காது. யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள், உயரமான பயிர் சாய்ந்துவிடும். அப்படியும் சாய்ந்த பயிரில் வண்டி சரியாக அறுக்காது என்பதால் கையறுப்புக்கு ஆள் தேவைப்படும். வெண்ணாற்றங்கரை என்ற பெயரில் எழுதியவர் குறிப்பிட்ட மூதாட்டிக்கும் வேலை கிடைக்கும். மண் தேற மூன்று ஆண்டுகள் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குத்தகை உழவன்:

மாப்பிள்ளைச் சம்பா அறுவடைக்கு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். வட்டிக்குக் கொடுத்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். மூன்று ஆண்டுகள் என்கிறீர்கள். அடுத்த சம்பாவுக்கு நிலம் எனக்குத்தானா என்பதையே உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை.